சத்தம் போடாத டாப்பெட்டை நம்பாதீர்கள்

காணைப் பக்கம் இப்போது பெரும்பாலும் கரண்ட் மோட்டார்தான். ஆனாலும் கொட்டகை மூலையில் பழைய ஆயில் இன்ஜின் ஒன்று சாக்குப் போர்த்திக் கிடக்கும். அதன் அருமை 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது தெரிந்தது. நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. வயலில் தண்ணீர் நிற்கிறது, கரண்ட் இல்லை. தண்ணீரை இறைத்து வெளியேற்ற ஆயில் இன்ஜினைத் தேடி எடுத்தோம். பல இன்ஜின்கள் கிளம்பவில்லை. ஹேண்டில் சுற்றித் தோள் வலித்ததுதான் மிச்சம். டீசல் இருந்தது, பம்பு நன்றாக இருந்தது, கம்ப்ரஷன் மட்டும் இல்லை. கம்ப்ரஷன் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் நாமே கையால் சரிசெய்யக்கூடியது ஒன்று, வால்வு இடைவெளி.

வங்கியில் இருந்த காலத்தில் ஆயில் இன்ஜினுக்கு நிறையக் கடன் கொடுத்திருக்கிறேன். கொட்டேஷன், மார்ஜின், தவணை எல்லாம் அத்துப்படி. உள்ளே இருக்கிற புஷ் ராடையும் டாப்பெட்டையும் ஓய்வு பெற்று மண்ணுக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். விதையும் உரமும் நாமே செய்துகொள்கிறோம். இன்ஜினுக்கு மட்டும் எல்லாவற்றுக்கும் விழுப்புரத்திலிருந்து ஆள் வரவேண்டும் என்றால் அது பாதித் தற்சார்புதான்.

ஏற்றம் மாதிரிதான்

ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். இன்ஜினின் கீழ்ப்பகுதியில் கேம் ஷாஃப்ட் சுற்றுகிறது. அதன் மேடு டாப்பெட்டை மேலே தூக்கும். டாப்பெட் மேல் நிற்கிற நீளக் கம்பிதான் புஷ் ராடு. அது ராக்கரின் ஒரு முனையைத் தூக்க, மறுமுனை கீழே இறங்கி வால்வை அழுத்தித் திறக்கும். மேடு கடந்ததும் ஸ்பிரிங் வால்வை இழுத்து மூடும். இங்கிலாந்து லிஸ்டர் இன்ஜினைப் பார்த்து ராஜ்கோட்டில் செய்த, நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும் பழைய இன்ஜின்களில் இரண்டு புஷ் ராடும் வெளியிலேயே தெரியும். மற்றவற்றில் மூடிக்குள் இருக்கும்.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை ஒவ்வொரு வால்வும் திறக்கும். 1500 சுற்று இன்ஜின் என்றால் நிமிடத்துக்கு 750 தடவை, ஒரு மணி நேரத்துக்கு 45,000 தடவை. இவ்வளவு தடவையும் வால்வு முழுசாக மூடியாக வேண்டும்.

இடைவெளி எதற்கு?

இரும்பு சூடானால் நீளும். 10 செ.மீ. நீள எஃகுக் கம்பி 300 டிகிரி கூடுதலாகச் சூடானால் 0.3 மி.மீ.க்கு மேல் நீளும். ஹெட்டும் சிலிண்டரும் கூட நீளத்தான் செய்யும், ஆனால் வால்வு அளவுக்குச் சூடாகாது. வால்வு நீள இடம் வேண்டும் என்பதற்காகத்தான் ராக்கர் நுனிக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில் சின்ன இடைவெளி விடுகிறார்கள். நோட்டுத் தாள் இரண்டு, மூன்று சேர்த்த கனம்தான்.

இடைவெளி அதிகமானால் டக் டக் என்று சத்தம் வரும். வால்வு தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடும், காற்று போதாமல் புகை கறுக்கும், இழுவை குறையும். இது நஷ்டம்தான். ஆனால் இன்ஜின் தன் வாயால் சொல்லிவிடுகிறது, நாமும் சரிசெய்துவிடுகிறோம்.

இடைவெளி குறைந்தால் சத்தமே வராது. இன்ஜின் சூடானதும் வால்வு நீண்டு, ராக்கரில் முட்டி, முழுசாக மூடாமல் நிற்கும். வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில் உட்காரும்போதுதான் இறக்கி வைக்கும். உட்கார முடியாத எக்சாஸ்ட் வால்வின் விளிம்பு வழியாக நெருப்புக் காற்று பீறிட்டு, விளிம்பே கருகிவிடும். பிறகு ஹெட்டைக் கழற்றி வால்வு மாற்ற வேண்டியதுதான். "சத்தம் இல்லாமப் பண்ணிக் குடுப்பா" என்று நாம் கேட்பதால், சில மெக்கானிக்குகள் இடைவெளியை இறுக்கிவிடுவார்கள். நமக்குத் திருப்தி, இன்ஜினுக்கு ஆயுள் போச்சு.

புஷ் ராடு மாட்டும்போது

ஹெட் கழற்றினால் எந்த ராடு எந்த டாப்பெட்டில் இருந்தது என்று அடையாளம் வையுங்கள். தேய்ந்த இடம் தேய்ந்த இடத்தோடுதான் சேர வேண்டும். ராடைக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் துள்ளும். வளைந்ததைத் தட்டி நிமிர்த்தாமல் புதுசு போடுங்கள்.

மாட்டுவதற்கு முன் இரண்டு முனையிலும் ஆயில் தடவுங்கள். கீழ் முனை டாப்பெட்டின் குழியில் சரியாக உட்கார வேண்டும். குழி தவறி ஓரத்தில் நின்றால் முதல் சுற்றிலேயே ராடு வளையும். ராக்கர் பிராக்கெட்டை இறுக்கும் முன் சரிசெய்யும் ஸ்குருவை நன்றாகத் தளர்த்துங்கள். இல்லாவிட்டால் வால்வு கீழே தள்ளப்பட்டு பிஸ்டனில் இடிக்கும்.

இடைவெளி வைக்கும் முறை

1. இரவு முழுக்க ஆறிய இன்ஜினில், காலையில் பாருங்கள். டீசலை மூடுங்கள். டீகம்ப்ரஷன் லிவர் வால்வை அழுத்திக்கொண்டிருந்தால் அளவு தப்பாகக் காட்டும், அதை விடுவித்துவிடுங்கள்.

2. மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் தூசி துடையுங்கள்.

3. ஃப்ளைவீலை ஓடும் திசையில் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இன்லெட் வால்வு திறந்து மூடியதும், பிஸ்டன் உச்சிக்கு வரும் குறி வரை கொண்டுவந்து நிறுத்துங்கள். இப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும், இரண்டு ராக்கரும் லேசாக ஆடும். ஒன்றாவது இறுகி நின்றால், அது எக்சாஸ்ட் முடிந்து இன்லெட் தொடங்கும் உச்சியாக இருக்கலாம். இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள்.

4. லாக் நட்டைத் தளர்த்தி, ஃபீலர் கேஜ் தகட்டை ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் விட்டு ஸ்குருவைத் திருகுங்கள். தகடு லேசான பிடிப்போடு வழுக்கி வரவேண்டும்.

5. ஸ்குருவைத் திருப்புளியால் அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போதுதான் அளவு மாறும். மறுபடியும் தகடு விட்டுப் பாருங்கள்.

6. இரண்டு முழுச் சுற்று சுற்றி, இன்னொரு தடவை சரிபாருங்கள்.

எவ்வளவு இடைவெளி என்பதை இன்ஜின் தகட்டிலோ புத்தகத்திலோ பாருங்கள், பக்கத்து வீட்டு இன்ஜின் அளவை வைக்காதீர்கள். சூடான நிலை அளவா, ஆறிய நிலை அளவா என்றும் கவனியுங்கள். உதாரணத்துக்கு, டிராக்டரில் வந்த பெர்கின்ஸ் 3 சிலிண்டர் 152 கன அங்குல இன்ஜினுக்கு ஆறிய நிலையில் 0.30 மி.மீ., சூட்டில் 0.25 மி.மீ. அவசரத்துக்குச் சவர பிளேடு விட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. ஒரு பிளேடு சுமார் 0.1 மி.மீ. கனம். ஆனால் ஃபீலர் கேஜ் ஒரு நாள் கூலியைவிடக் குறைந்த விலைதான், வாங்கி வையுங்கள்.

டிராக்டரிலும் இதே வேலைதான். ஒவ்வொரு சிலிண்டரையும் அதனதன் கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். புஷ் ராடு வைத்த பழைய அம்பாசடர் காரில் எட்டு வால்வு. அதற்கு மெக்கானிக்குகள் ஒன்பது கணக்கு வைத்திருந்தார்கள். எட்டாவது வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது முதல் வால்வைச் சரிசெய்ய வேண்டும், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை. கூட்டினால் ஒன்பது வரும்.

கணக்கு எழுதுங்கள்

இது என் வங்கிப் பழக்கம், ஆனால் பயனுள்ள பழக்கம். ஒரு நோட்டில் ஓடிய மணி நேரம், ஆயில் மாற்றிய தேதி, ஒவ்வொரு தடவையும் திருகுவதற்கு முன் இருந்த இடைவெளி ஆகியவற்றை எழுதுங்கள். இடைவெளி கூடிக்கொண்டே போனால் ராக்கர், ராடு முனைகள் தேய்கின்றன என்று அர்த்தம். நீங்கள் தொடாமலேயே குறைந்துகொண்டு வந்தால் வால்வு சீட்டுக்குள் இறங்குகிறது. அப்போது ஹெட்டைக் கழற்றி வால்வைக் கிரைண்டிங் செய்யும் வேலை வரப்போகிறது. மல்லாட்டைக்குத் தண்ணீர் காய்கிற நேரத்தில் தெரிவதைவிட, நோட்டில் முன்கூட்டியே தெரிவது நல்லது.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் சாக்கை எடுத்துவிட்டு, ஒரு காலை வேளையை இதற்கு ஒதுக்குங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.