கைச்சாத்துத் தேடிய கதை

செய்நிரல் என்பது கணினிக்கு இடப்படும் கட்டளைத் தொகுதி. அதனை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் விட்டுவைத்தால் அது திறந்த மூலச் செய்நிரல் எனப்படும். ஊர் கூடி இழுக்கும் தேர் போன்றது அது. ஆனால், தேர் யாருடையது என்ற கேள்வி என்றோ ஒருநாள் எழாமற் போகாது. ஸ்குவீக் என்னும் கணினிமொழிக்கு அக்கேள்வி பத்தாண்டு கழித்து எழுந்தது.

அமெரிக்காவில் ஸெரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுநிலையத்தில் அலன் கே, டான் இங்கோல்ஸ் முதலியோர் 1970களில் ஸ்மோல்டோக் என்ற மொழியை ஆக்கினர். அதன் வழிவந்த ஸ்குவீக்கை அவர்களே 1996இல் அப்பிள் நிறுவனத்திலிருந்து இலவசமாக வெளியிட்டனர். பயின்றோர் தொகை சிறிது. அவர்தம் பற்றோ பெரிது.

ஏனைய மொழிகளிற் செய்நிரல் தனித்தனிக் கோப்புக்களாக இருக்கும். ஒருவர் ஒன்றைத் திருத்த, மற்றவர் வேறொன்றைத் திருத்தலாம். ஸ்குவீக்கில் மொழியும், எழுதுங் கருவியும், திரையில் விரிந்த சாளரங்களும், எழுதியவரின் அரைகுறை வேலையும் ‘படிமம்’ எனும் ஒரே கோப்பில் உறைந்து கிடக்கும். இருவர் படிமங்களை ஒன்றாக்குதல் எளிதன்று. ஆதலின் தாம் மாற்றிய பகுதியை மட்டும் பிரித்தெடுத்து அனுப்புவர். பொறுப்பாளர் அதனை ஆராய்ந்து, இலக்கமிட்டு வெளியிடுவர். மற்றையோர் அவ்வரிசைப்படியே தத்தம் படிமத்திற் சேர்த்துக்கொள்வர். அவ்வாறு சேர்ந்த ஒவ்வொரு சிறு பகுதியின் தலையிலும் அதனைத் திருத்தியவரின் பெயரின் முதலெழுத்துக்களும் திகதியும் பதிந்திருக்கும். பாடசாலைச் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் ஒப்பமிடுவது போன்ற இவ்வழக்கம் பின்னர் எவ்வளவு பயன்படும் என அன்று எவரும் எண்ணியிரார்.

இடர் அப்பிளின் அனுமதிப்பத்திரத்தில் இருந்தது. வழக்கு வரின் நிறுவனத்துக்கு நட்டம் நேராது பிறரே ஈடுசெய்யவேண்டும் என்பது அதிலிருந்த ஒரு நிபந்தனை. இத்தகைய நிபந்தனைகளை முன்னிட்டு, இலவச மென்பொருள்களைத் தொகுத்து வழங்கும் டெபியன் குழுவினர் ஸ்குவீக்கை ஏற்கவில்லை. வறிய நாட்டுப் பிள்ளைகளுக்கு மலிவான மடிக்கணினி வழங்கும் திட்டமொன்று 2005இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு ஸ்குவீக்கில் ஆக்கப்பட்ட ‘ஈடோய்ஸ்’ என்னுங் கல்விக்கருவி வேண்டப்பட்டது. பிள்ளைகளின் கைக்குச் செல்லவேண்டிய பொருள் ஒரு பத்திரத்தின் வாசகத்தால் வாசலில் நிற்பதா?

2006இல் அப்பிள் தன் பங்கை அப்பாச்சி அனுமதிப்பத்திரத்தின் கீழ் விடுவித்தது. ஆனால், இடைப்பட்ட ஆண்டுகளிற் பிறர் எழுதியவை பழைய பத்திரத்தின் கீழேயே இருந்தன. அவற்றை மாற்ற எழுதியவர் ஒவ்வொருவரின் சம்மதமும் வேண்டும். முன்பு பதிந்த முதலெழுத்துக்கள் இப்போது கைகொடுத்தன. அவற்றைக் கொண்டு ஆட்களைத் தேடிக் கைச்சாத்துப் பெற்றனர். தொழில் மாறினோர், முகவரி மாறினோர் பலர். அகப்படாதோரும் இணங்காதோரும் எழுதிய பகுதிகளை, அவை குறையின்றி இயங்கியபோதும், நீக்கிப் புதிதாக எழுதவேண்டியதாயிற்று. அலுப்பான வேலைதான், புகழும் இல்லாதது. புதிய அனுமதியுடன் ஸ்குவீக் 4.0 வெளிவந்தது 2010இலேயே.

இதற்கிடையில் அக்கூட்டமும் பிளவுபட்டது. பழைய வேலைகள் பழுதுபடாது காக்கவேண்டும் என்போர் ஒருபுறம். வேண்டாதவற்றைக் களைந்து துப்புரவாக்கவேண்டும் என்போர் மறுபுறம். பின்னையோர் 2008இல் ‘பாரோ’ என்ற தனிக்கிளையைத் தொடக்கினர். சிறு கூட்டம் பிரிவது நட்டமே எனச் சிலர் கூறுவர். அது முழுதும் உண்மையன்று. பத்திரத்தினால் வந்த பாட்டைப் பாரோவினர் மறக்கவில்லை. பங்களிக்க முன்வந்தோரிடம் அவர்கள் முதலிலேயே கைச்சாத்து வாங்கினர்.