பழைய கணினிக்கு ஏற்ற வரைகலை அட்டை

சென்ற நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் வெளிவந்த கணினி விளையாட்டுக்களை அக்காலக் கணினியிலேயே ஆட விரும்புவோர் இன்று பலராவர். அவர்கள் முதலில் ஆராயவேண்டியது, திரையில் உருவங்களை ஆக்கித்தரும் வரைகலை அட்டையாகும். வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அம்மூன்றும் இத்தெரிவுக்கும் பொருந்துவன என்போம்.

முதலாவது வலி. வலிமை மிக்க அட்டையே சிறந்ததெனக் கொள்ளலாகாது. பிற்காலத்து அட்டைகள் பலவற்றை விண்டோஸ் 98இல் இயக்குதற்கு வேண்டிய மென்பொருள் வெளியிடப்படவில்லை.

இரண்டாவது காலம். 1990களின் தொடக்கத்து டொஸ் விளையாட்டுக்களிற் பெரும்பாலானவற்றுக்கு, 1987இல் ஐ.பீ.எம். அறிமுகஞ்செய்த வீ.ஜீ.ஏ. முறைக்கு இசைந்த அட்டையே போதும். 1998இல் வெளிவந்த 'அன்ரியல்' போன்றவையோ, 3டீஎப்எக்ஸ் நிறுவனத்தின் 'கிளைட்' என்னும் கட்டளைத் தொகுதியை ஏற்கும் வூடூ அட்டையிற் சிறப்புறத் தோன்றும். 1996இல் வந்த முதல் வூடூ முப்பரிமாண உருவங்களை மட்டுமே ஆக்கும். ஆதலின் சாதாரண அட்டையொன்றும் உடனிருத்தல் வேண்டும்.

மூன்றாவது இடம். இதுவே பெரிதும் விழிப்புக்குரியது. 1997இல் வழக்குக்கு வந்த ஏ.ஜீ.பீ. பொருத்துவாய்க்கென ஆக்கப்பட்ட அட்டைகளுள் முந்தியவை 3.3 வோல்ற்றிலும், பிந்தியவை 1.5 வோல்ற்றிலும் இயங்குவன. அட்டை விளிம்பின் வெட்டு பொருத்துவாயின் தடுப்போடு இசையாவிடின் வலிந்து செருகலாகாது. வெட்டு இசைந்தும் மின்னழுத்தம் இசையாத அட்டைகள் சிலவும் உள. எனவே அட்டையின் பெயரையும் தாய்ப்பலகையின் விபரத்தையும் ஒப்புநோக்கிய பின்னரே பொருத்துக. பிழைப்பின் தாய்ப்பலகை பழுதாதலும் கூடும். அத்தகைய பலகைகள் இன்று புதிதாக ஆக்கப்படுவதில்லை; இருப்பதைக் காத்தலே நம் கடன்.