மருந்துக்கு மசியாத கிருமியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மானாவாரி நிலம்தான் அதிகம். மக்காச்சோளமும் பருத்தியும் மழையை நம்பி நிற்கிற பயிர். மழை ஏமாற்றினாலும் வீட்டுச் செலவுக்குக் கை கொடுப்பது பால் பணம்தான். அந்தக் கறவை மாட்டுக்கு மடி நோய் வந்துவிட்டால் என்ன செய்கிறோம்? யாரையாவது கூப்பிட்டு ஓர் ஊசி போடச் சொல்கிறோம். கேட்கவில்லையா, இன்னும் விலை கூடிய ஊசி. அதுவும் கேட்கவில்லை என்றால் ஒரு காம்பு போய்விடுகிறது. நாலு காம்பு மாடு மூணு காம்பு மாடு ஆனால் சந்தையிலே என்ன விலை போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊசி ஏன் கேட்கவில்லை? மடிக்குள்ளே சதை கட்டிப்போய், மருந்து உள்ளே போய்ச் சேராமல் இருக்கலாம். அல்லது கிருமி அந்த மருந்துக்கு மசியாததாக இருக்கலாம். பருத்தியிலே காய்ப்புழுவுக்கு ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தபோது என்ன ஆச்சு? செத்தது எல்லாம் செத்தது. தாக்குப் பிடித்த நாலு புழு குட்டி போட்டுப் பெருகியது. கிருமியிலும் அதே கதைதான். புழுவுக்கு ஒரு தலைமுறை என்றால் வாரக்கணக்கு. கிருமிக்கு, வசதியான இடம் கிடைத்தால், அரை மணி நேரம் போதும். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-லே நோபல் பரிசு உரையிலேயே, குறைந்த அளவு மருந்து கொடுத்தால் கிருமி பழகிப்போகும் என்று எச்சரித்தார்.

சரி, எந்த மருந்து கேட்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாதா? முடியும். ஆய்வுக்கூடத்திலே பாலிலிருந்து கிருமியைப் பிரித்து, ஊட்டப்பொருள் ஊற்றிய தட்டிலே வளர்ப்பார்கள். பிறகு அதை இன்னொரு தட்டு முழுக்கப் பூசி, மேலே ஒவ்வொரு மருந்து தோய்த்த சின்னச் சின்னக் காகித வில்லைகளை வைப்பார்கள். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டமாகத் தெளிவு விழும். கேட்காவிட்டால் வில்லையின் ஓரம் வரைக்கும் கிருமி படர்ந்து நிற்கும். நல்ல முறை, நம்பலாம். ஆனால் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். மடி கல்லாக வீங்கி, மாடு தீனி எடுக்காமல் நிற்கும்போது யார் காத்திருப்பது? அதனாலேதான் டாக்டர் உத்தேசமாக ஒரு மருந்தைப் போட வேண்டி வருகிறது. அது அவர் குற்றமில்லை.

இந்த இரண்டு நாளைக் குறைக்கத்தான் விஞ்ஞானிகள் பாடுபடுகிறார்கள். ஒரு வழி, நிறம் மாறும் சோதனை. பெனிசிலின் இனத்து மருந்தை உடைத்துப் போடுகிற பீட்டா லாக்டமேஸ் என்ற நொதி சில கிருமிகளிடம் உண்டு. நைட்ரோசெஃபின் என்ற மஞ்சள் பொருளின் மேல் அந்தக் கிருமியைத் தடவினால், நொதி அதையும் உடைக்கும், மஞ்சள் சிவப்பாகும். சில நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். ஆனால் முதலில் கிருமியை வளர்த்தாக வேண்டும், அதற்கு ஒரு நாள். இன்னொன்றும் கவனியுங்கள்: சிவப்பு ஆனால் பெனிசிலின் கேட்காது என்று அர்த்தம். சிவப்பு ஆகாவிட்டால் கேட்கும் என்று அர்த்தமில்லை. கிருமி வேறு வழியிலும் தப்பிக்கும்.

வளர்க்காமலே பார்க்கிற கருவியும் வந்துவிட்டது. பிரிட்டனிலே 2014-இல் லாஞ்சிட்யூட் பரிசு என்று 80 லட்சம் பவுன் பந்தயம் வைத்தார்கள். நம் நாட்டுக் குழுக்களும் களத்தில் இறங்கின. 2024-இல் ஸ்வீடனின் சிஸ்மெக்ஸ் அஸ்ட்ரெகோ நிறுவனம் ஜெயித்தது. அதன் கருவியில் மயிரிழையை விட மெல்லிய ஆயிரக்கணக்கான வாய்க்கால்கள். வயலுக்கு மடை பிரிக்கிற மாதிரி, சில வாய்க்காலில் மருந்து விடுவார்கள், சிலதில் விடமாட்டார்கள். உள்ளே கிருமி வளர்கிறதா என்று கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். எந்த மருந்து கேட்கும் என்று முக்கால் மணி நேரத்தில் சொல்லிவிடும். ஆனால் அது மனிதருக்கு வரும் சிறுநீர்த் தொற்றுக்கு ஆனது. மாட்டுப் பாலிலே கொழுப்பும் புரதமும் கிருமியை மறைத்துக்கொள்ளும். அதைப் பிரித்தெடுப்பதே தனி வேலை. விலையும் பால் சொசைட்டிக்குக் கட்டுப்படியாக வேண்டும். என்னைக் கேட்டால், நூறு ரூபாய்க்குள் அடங்காத கருவி நம் கிராமத்துக்குக் கருவியே இல்லை.

இது மாட்டோடு நிற்கிற சங்கதியுமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியும் மற்றவர்களும் 2010-இல் லான்செட் குழுமத்து ஏட்டிலே ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடைசி மருந்துகளில் ஒன்றான கார்பபெனத்தையே முறிக்கிற கிருமி சென்னையிலும் ஹரியானாவிலும் நோயாளிகளிடம் இருப்பதை அது காட்டியது. அப்படிப்பட்ட நோயாளிக்கு மிஞ்சியிருந்தவற்றில் ஒன்று கொலிஸ்டின். அதையே கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள்! 2019 ஜூலையில் உணவுக்கு வளர்க்கிற கால்நடை, கோழி, மீன் எதற்கும் கொலிஸ்டின் கூடாது என்று மத்திய அரசு தடை போட்டது.

புதுக் கருவி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். ஒவ்வொரு காம்புப் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் பீய்ச்சி, அதே அளவு கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனைக் கரைசலை விட்டுச் சுழற்றுங்கள். கூழாகத் திரண்டால் வீக்கம் வெளியே தெரியுமுன்னே மடியில் நோய் ஆரம்பித்துவிட்டது. இது மருந்தின் பெயரைச் சொல்லாது, நாளை மிச்சப்படுத்தும். அந்த மிச்ச நாளில்தான் ஆய்வுக்கூடத்துக்குப் பால் அனுப்பலாம்.

பாலை எடுப்பது ஊசி போடுவதற்கு முன்னாலே இருக்கட்டும். போட்ட பிறகு எடுத்தால் கிருமி வளராமல் போகும். காம்பைக் கழுவித் துடைத்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் நுனியைத் தேய்த்துவிட்டு, முதல் பீச்சுகளைத் தனியே ஒரு பாத்திரத்தில் விட்டுவிடுங்கள். பிறகு டாக்டர் கொடுத்த சுத்தமான குப்பியில் கொஞ்சம் பீய்ச்சி, மூடி, ஐஸ் வைத்த பெட்டியில் அன்றைக்கே கொண்டுபோங்கள். எந்தக் காம்பு என்று குப்பியின் மேலே எழுதுங்கள். ஊசி போட்ட மாட்டுப் பாலை, மருந்துச் சீட்டிலே சொன்ன நாள் முடிகிறவரை சொசைட்டிக்கும் ஊற்றாதீர்கள், கன்றுக்கும் விடாதீர்கள்.