மலிவு விலைச் செயின்சா: வாங்கும் முன் இயந்திரத்திடம் கேளுங்கள்

மாணவர்களே, போர்டிக்சன், லுக்குட், லிங்கி வட்டாரத்தில் வசிப்பவர்களுக்கு 'சுமத்ரா' காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், பெரும்பாலும் விடிவதற்கு முன், மலாக்கா நீரிணையைக் கடந்து இடி மின்னலோடு வரும் பலத்த காற்று அது. சிறிது நேரத்தில் ஓய்ந்துவிடும். விடிந்து பார்த்தால், வீட்டுக்குப் பின்னால் நின்ற பலா மரமோ பழைய ரப்பர் மரமோ வேலியின் மேல் சாய்ந்து கிடக்கும்.

மரத்தை அறுக்க ஆள் கூப்பிட்டால் கூலி அதிகம். அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் அப்பாவிடம் சொல்கிறார்: "அண்ணே, லுக்குட்டில ஒருத்தர் பழைய செயின்சா விக்கிறாராம். 400 வெள்ளிதான். புதுசு வாங்கினா 2,000 ஆகும்." அப்பாவின் முகம் மலர்கிறது. உடனே மோட்டார் சைக்கிளை எடுக்கிறார்.

கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அந்த 400 வெள்ளி லாபமா நட்டமா என்பதை விற்பவரின் பேச்சை வைத்து முடிவு செய்ய முடியாது. ஆனால் இயந்திரம் பொய் சொல்லாது. அது எப்படி நடத்தப்பட்டது என்பதற்கான தடயங்கள் அதன் உள்ளேயே இருக்கின்றன. அவற்றைப் படிக்க நீங்கள் பள்ளியில் கற்கும் அறிவியலே போதும்.

எண்ணெய் எங்கே இருக்கிறது?

பெரும்பாலான பெட்ரோல் செயின்சாக்களில் இருப்பது 'டூ ஸ்ட்ரோக்' எனப்படும் இருவீச்சு இயந்திரம். பிஸ்டன் ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தால் ஒரு வெடிப்பு நடந்துவிடும். காரில் இருப்பது நால்வீச்சு இயந்திரம். அதற்கு அடியில் எண்ணெய்க்கென்று தனித் தொட்டி உண்டு. செயின்சாவின் இயந்திரத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. பெட்ரோலும் காற்றும் பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறைக்குள் நுழைந்துதான் மேலே போகின்றன. அதனால் உராய்வைத் தடுக்கும் எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும்.

இன்றைய பல இயந்திரங்களுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு இருவீச்சு எண்ணெய் என்பது கணக்கு. ஒரு லிட்டருக்கு 20 மில்லிலிட்டர். ஐந்து லிட்டருக்கு 100 மில்லிலிட்டர், அதாவது ஒரு சிறிய தேநீர்க் குவளை அளவுதான். அந்த ஒரு குவளையை யாராவது மறந்திருந்தால் என்ன ஆகும்?

முழு வேகத்தில் பிஸ்டன் நிமிடத்துக்கு 10,000 முறை மேலும் கீழும் ஓடுகிறது. ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 167 முறை. பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் 660 டிகிரி செல்சியசில் உருகும். நடுவில் எண்ணெய்ப் படலம் இல்லையென்றால், உராய்வின் வெப்பத்தில் பிஸ்டனின் மேற்பரப்பு இளகி, சிலிண்டர் சுவரில் இழுபட்டு ஒட்டிக்கொள்ளும். சில நிமிடங்களில் இயந்திரம் பாழாகிவிடும். வெளியில் பார்த்தால் அது தெரியாது. பெட்டியைத் துடைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டினால் பளபளவென்றுதான் இருக்கும்.

முதல் சோதனை: கயிற்றை இழுங்கள்

இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது, சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முட்டு, ஒரு எதிர்ப்பு, கையில் தெரிய வேண்டும். சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று அமுக்கப்படும்போது திருப்பித் தள்ளுகிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பார்த்திருப்பீர்களே, அதே உணர்வுதான். கயிறு தங்குதடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால், காற்று எங்கோ ஒழுகுகிறது. பிஸ்டன் வளையமோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

பட்டறைக்காரர்கள் இதை அளவுமானியை வைத்து அளப்பார்கள். நல்ல நிலையில் உள்ள இயந்திரம் 150 பி.எஸ்.ஐ. அளவில் காட்டும். 100-க்கும் கீழே போனால் யோசிக்க வேண்டும். கார் டயரில் இருப்பது 30 முதல் 35 பி.எஸ்.ஐ. மட்டுமே என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: சில செயின்சாக்களில் கயிற்றை எளிதாக இழுப்பதற்கென்றே, காற்றை வெளியேற்றும் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அது அழுத்தப்பட்டிருந்தால் சோதனை தவறாகிவிடும்.

இரண்டாவது சோதனை: பிஸ்டனின் முகத்தைப் பாருங்கள்

புகை வெளியேறும் சைலன்சரை இரண்டு மூன்று திருகாணிகள்தாம் பிடித்துக்கொண்டிருக்கும். அதைக் கழற்றினால், உள்ளே ஒரு சன்னல் போன்ற துவாரம் தெரியும். கைப்பேசி விளக்கை அடித்துக் கயிற்றை மெதுவாக இழுத்தால், பிஸ்டனின் பக்கச் சுவர் அந்தச் சன்னலைக் கடந்து போகும். அது வழவழப்பாக இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள் இருந்தால், அந்த இயந்திரம் எண்ணெய் இல்லாமலோ, அளவுக்கு மீறிய சூட்டிலோ ஓடியிருக்கிறது. கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லையா? அதுவும் ஒரு பதில்தான்.

மூன்றாவது சோதனை: குளிர்ந்தும் சூடாகியும்

நீங்கள் போகும்போதே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால், "கொஞ்சம் ஆற விடுங்கள்" என்று அப்பா கேட்கட்டும். குளிர்ந்த நிலையில் கிளம்புவதற்குப் பத்துப் பன்னிரண்டு இழுப்பு தேவைப்படுகிறதா? சில நிமிடம் ஓடி, சூடான பிறகு நிறுத்தி, மறுபடியும் கிளப்பினால் வருகிறதா? தேய்ந்த இயந்திரங்கள் பல குளிரில் கிளம்பிவிடும், சூடானதும் அடம்பிடிக்கும்.

அடுத்து, மெதுவோட்டத்தில் விட்டுப் பாருங்கள். அப்போது சங்கிலி அசையவே கூடாது. அசைந்தால் கிளட்சில் கோளாறு இருக்கலாம், அல்லது மெதுவோட்ட வேகம் தவறாக வைக்கப்பட்டிருக்கலாம். பிறகு இயந்திரத்தை இடமும் வலமும் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாய்க்கும்போது ஓசை திடீரென்று கூடினால், உள்ளே எங்கோ காற்று புகுகிறது. கூடுதல் காற்று சேர்ந்தால் பெட்ரோலும் அதோடு எண்ணெயும் விகிதத்தில் குறையும். பிறகு என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

புழு கற்றுக்கொடுத்த சங்கிலி

இப்போது சங்கிலியைப் பார்ப்போம். அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்பவர் 1926-இல் மின்சாரச் செயின்சாவையும், 1929-இல் பெட்ரோல் செயின்சாவையும் உருவாக்கினார். அவற்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அக்காலச் சங்கிலியின் பற்கள் கை ரம்பத்தின் பற்களைப் போலவே இருந்தன. சீக்கிரம் மழுங்கின; அடிக்கடி அரம் போட வேண்டியிருந்தது.

1946-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி, ஒரு மரக்கட்டையைத் துளைத்துக்கொண்டிருந்த வண்டுப் புழுவைக் கவனித்தார். மரத்தின் நார் எந்தத் திசையில் ஓடினாலும் புழுவுக்குக் கவலையில்லை. அதன் தாடைகள் இடமும் வலமும் மாறி மாறிச் சீவின. அதைப் பார்த்துத்தான் இடப்பக்கம் ஒரு பல், வலப்பக்கம் ஒரு பல் என்று மாறி மாறிச் சீவும் சங்கிலியை அவர் வடிவமைத்தார். இன்று உலகெங்கும் ஓடும் சங்கிலிகள் அந்த வழியில் வந்தவையே.

அதனால் சங்கிலியைச் சோதிக்கும் முறையும் எளிது. ஒரு கட்டையை அறுக்கச் சொல்லிவிட்டுக் கீழே விழும் தூளைப் பாருங்கள். பல் கூராக இருந்தால் சீவல் சீவலாக விழும். மழுங்கியிருந்தால் மாவைப் போலக் கொட்டும். வெட்டு நேராகப் போகாமல் ஒரு பக்கம் வளைந்தால், இடப் பற்களும் வலப் பற்களும் ஒரே அளவில் இல்லை, அல்லது சங்கிலி ஓடும் 'பார்' எனப்படும் நீண்ட இரும்புப் பட்டை தேய்ந்துவிட்டது.

"இது எதை அறுத்துக்கொண்டிருந்தது?" என்றும் கேளுங்கள். நம் தோட்டங்களில் இது முக்கியமான கேள்வி. ரப்பர் மரம் பொதுவாக 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்து, மறுநடவுக்காக வெட்டப்படுகிறது. ஒரு காலத்தில் புகைவீட்டில் எரிந்த அந்தக் கட்டை, இன்று மேசை நாற்காலிகளாகிறது. அது அறுப்பதற்கு எளிய மரம். செம்பனை அப்படியல்ல. அது தென்னையைப் போல நார்க்கற்றைகளால் ஆனது. அதன் தண்டில் மணலில் உள்ள அதே சிலிகா இருக்கிறது. செம்பனையை அறுத்த சங்கிலி விரைவில் மழுங்கும். அதை மாற்றிவிடலாம். ஆனால் மழுங்கிய சங்கிலியோடு மல்லுக்கட்டி ஓடிய இயந்திரத்தை அப்படி மாற்ற முடியாது.

உயிரைக் காக்கும் பாகங்கள்

ஒரு கணக்குப் போடுங்கள். பரவலாகப் பயன்படும் ஒரு வகைச் சங்கிலி, 7 பற்கள் கொண்ட பல்சக்கரம் ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ 13.3 சென்டிமீட்டர் நகரும். நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால், 1,330 மீட்டர். விநாடிக்கு 22 மீட்டர். அதாவது மணிக்கு 80 கிலோமீட்டர்! சிரம்பானுக்குப் போகும் காரின் வேகத்தில் கத்திகள் ஓடுகின்றன.

பாரின் நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால், அந்த வேகம் முழுவதும் எதிர்த்திசையில் திரும்பும். பார் மேல்நோக்கி எகிறி, பிடித்திருப்பவரின் முகத்தையோ கழுத்தையோ நோக்கி வரும். நியூட்டனின் மூன்றாம் விதிதான் இது. கண்ணில் பட்டதற்குக் கை எதிர்வினை காட்ட மனிதனுக்கு ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். அதற்குள் 4 மீட்டருக்கும் மேற்பட்ட சங்கிலி ஓடிவிடும். எனவே மனிதனால் தடுக்க முடியாது. முன்கைப் பிடிக்கு முன்னால் உள்ள தடுப்பும் அதோடு இணைந்த சங்கிலி பிரேக்கும்தான் தடுக்க வேண்டும்.

பழைய செயின்சாக்கள் பலவற்றில் அந்தப் பிரேக் உடைந்திருக்கும், அல்லது "வேலைக்கு இடைஞ்சல்" என்று யாரோ கழற்றியிருப்பார்கள். இயந்திரத்தை அணைத்தபின் தடுப்பை முன்னால் தள்ளி, கையுறை அணிந்த கையால் சங்கிலியை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அசையக் கூடாது. அறுந்த சங்கிலியைப் பிடிக்கும் கொக்கி, தவறி அழுத்தினால் வேகம் கூடாதபடி தடுக்கும் பூட்டு, அணைக்கும் சுவிட்ச் ஆகியவையும் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும், சரிசெய்யும் வரை அந்தச் செயின்சா ஓடக்கூடாது, இலவசமாகவே கிடைத்தாலும் சரி.

விலையின் மறுபக்கம்

இப்போது மலிவைக் கணக்கிடுவோம். கீழே வரும் எண்கள் கணக்குக்காக மட்டுமே. உண்மை விலையைக் கடையில் கேட்டு நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

செயின்சா 400 வெள்ளி. புதுச் சங்கிலி 80. பார் 150. பிஸ்டனும் சிலிண்டரும் 350. பட்டறைக் கூலி 120. ஆக 1,100 வெள்ளி. சங்கிலி மட்டும் மாற்றினால் போதும் என்றால் 480-இல் முடிந்திருக்கும். இரண்டு செயின்சாக்களும் விற்பனைக்கு வந்தபோது ஒரே விலைதான். வேறுபாட்டைக் காட்டியது பிஸ்டனில் இருந்த கீறல்.

தலைக்கவசம், முகத்திரை, காதுக்காப்பு, கால்காப்பு ஆகியவற்றையும் விலையில் சேருங்கள். செயின்சாவின் ஓசை 100 டெசிபலைத் தாண்டும். நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு விதிமுறைகள் வேலையிடத்தில் எட்டு மணி நேரத்துக்கு அனுமதிப்பது 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். அப்படியென்றால் 100 டெசிபலுக்கு எத்தனை நிமிடம்? கணக்குப் போட்டால் 15 என்று வரும். கால்காப்பின் உள்ளே நீண்ட இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். சங்கிலி பட்டவுடன் அந்த இழைகள் வெளியே இழுபட்டு, பல்சக்கரத்தில் சிக்கி, ஓட்டத்தை நிறுத்தும். கால்சட்டையால் அது முடியாது.

கடைசியாக ஒன்று. நம்ப முடியாத அளவுக்கு விலை குறைவு என்றால், பொருள் போலியாகவோ திருட்டாகவோ இருக்கலாம். பிரபல நிறுவனங்களின் நிறத்திலும் பெயரிலும் போலிகள் வருகின்றன. வரிசை எண் பொறித்த தகட்டைப் பாருங்கள். எண் சுரண்டப்பட்டிருந்தால் திரும்பிவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது மலேசியத் தண்டனைச் சட்டம் 411-ஆம் பிரிவின்படி குற்றம். விற்பவரிடம் வரிசை எண்ணோடு ஒரு ரசீது எழுதி வாங்குவது இரு தரப்புக்கும் நல்லது.

உங்கள் வேலை என்ன?

செயின்சாவை ஓட்டுவது உங்கள் வேலை அல்ல. பயிற்சி பெற்ற பெரியவர்களின் வேலை அது. அவர்கள் அறுக்கும்போது, விழும் மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி நில்லுங்கள். ஆனால் வாங்கப் போகும்போது அப்பாவோடு நீங்களும் போகலாம். கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொள்ளலாம். தூளையும் கீறலையும் பார்த்து, "அப்பா, இதைப் பாருங்க" என்று சொல்லலாம்.

லுக்குட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பினால் வருந்த வேண்டாம். 400 வெள்ளி சட்டைப்பையில் இருக்கிறது. வேலியின் மேல் கிடக்கும் மரம் இன்னும் ஒரு வாரம் அங்கேயே கிடக்கட்டும்.