அம்மாவின் தாலாட்டும் ஏஐ வீடியோவும்

மும்பை செம்பூரில் நான் குடியேறி நாற்பது வருஷம் ஆகிறது. நெல்லைச் சீமையிலிருந்து வந்து எங்களோடு இருந்த என் தாயார் பாடிய தாலாட்டு ஒன்று, பழைய கேசட்டில் மூன்று நிமிட அளவுக்கு இருந்தது. 2025 கோடை விடுமுறையில் அதைக் கேட்ட என் பேத்தி, "தாத்தா, இதுக்கு ஏஐ-ல வீடியோ பண்ணலாமா?" என்றாள். பண்ணிப் பார்த்தோம். அதில் நான் கற்றுக்கொண்டதை நம் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்லலாம் என்றே இக்கட்டுரை.

முதலில், இக்கருவி எப்படி வேலை செய்கிறது? படங்களையும் அவற்றின் விவரக் குறிப்புகளையும் கோடிக்கணக்கில் காட்டி இதைப் பழக்கியிருக்கிறார்கள். சிக்னல் இல்லாத பழைய டிவியில் பொரிப்பொரியாகத் தெரியுமே, அப்படியொரு தோற்றத்தில் தொடங்கி, நாம் எழுதிக் கொடுத்ததற்கேற்பப் படிப்படியாகத் துலக்கிக் காட்சியாக்குகிறது. எங்கோ இருக்கும் படத்தைத் தேடி எடுத்துத் தருவதில்லை. 'இப்படி இருக்கக்கூடும்' என்று ஊகித்து வரைகிறது. இந்த ஊகத்தில்தான் சங்கதியே இருக்கிறது.

நாங்கள் பயன்படுத்திய கருவி ஒரு தடவைக்கு எட்டு விநாடிதான் தந்தது. ஆகவே பாட்டைத் துண்டு போட வேண்டும். எங்கள் தாலாட்டு நிமிடத்துக்கு 60 தட்டு. ஒரு தட்டுக்கு ஒரு விநாடி. ஐந்தைந்து விநாடியாக 36 காட்சிகள் என்று நோட்டில் எழுதிக்கொண்டோம். ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக உருவாவதால், அடுத்த துண்டில் தாயின் முகம் மாறிவிடும். அதற்கு வழி, முதலில் ஒரு நிழற்படத்தை உருவாக்கி, அதையே எல்லாத் துண்டுகளுக்கும் ஆதாரமாகக் கொடுப்பது. அப்படியும் பாதிக்கு மேல் கழிந்துபோகும். 2024 மே மாதம் வெளியான வாஷ்டு அவுட்டின் 'தி ஹார்டஸ்ட் பார்ட்' பாடலுக்கு, இயக்குநர் பால் டிரில்லோ சோரா கருவியில் சுமார் 700 துண்டுகள் எடுத்து, 55-ஐத்தான் பயன்படுத்தினார். கைதேர்ந்தவருக்கே அந்தக் கணக்கு!

'இந்தியத் தாய், தொட்டில்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தோம். கம்பி வைத்த மரத்தொட்டில் வந்தது. சேலை முந்தானை வலது தோள் வழியாக முன்பக்கம் விழுந்தது, குஜராத்திக் கட்டு மாதிரி. பேத்திக்கு அது தப்பாகவே படவில்லை. "நல்லாத்தானே இருக்கு தாத்தா" என்றாள். எனக்குத் திக்கென்றது. உத்தரத்தில் பழைய நூல்சேலையைக் கட்டிய தொட்டிலை அவள் பார்த்ததே இல்லை. ஊரைப் பார்க்காத பிள்ளைகளுக்கு இந்த வீடியோவில் வருவதுதான் ஊர் என்று ஆகிவிடும். பிறகு உத்தரம், கயிறு, முடிச்சு, இடது தோளில் முந்தானை என ஒவ்வொன்றையும் விளக்கி எழுதினோம். ஏழாம் முறை சரியாக வந்தது.

அடுத்து ஓர் ஆசை. அம்மாவின் போட்டோவைக் கொடுத்து, அவளே பாடுவது போலச் செய்தோம். வாயசைவு பாட்டோடு பொருந்தத்தான் செய்தது. ஊரிலுள்ள தங்கச்சிக்கு அனுப்பினேன். "அண்ணே, இது யாரோ ஒரு பொம்பளை. அம்மா பல்லு இப்படியா இருக்கும்?" என்று அழுதுவிட்டாள். போட்டோவில் அம்மா வாயை மூடியிருந்தாள். வெற்றிலைக் கறை படிந்த பல்லை இயந்திரம் எங்கே கண்டது? வெள்ளை வெளேரென்று ஒரு வரிசையை ஊகித்து வைத்துவிட்டது. அந்தத் துண்டை அழித்தோம். கடைசிக் காட்சியில் அந்தப் போட்டோவை அசைக்காமல் அப்படியே வைத்தோம்.

மறைந்தவர் விஷயத்தில் அனுமதியும் முக்கியம். 2024-இல் வந்த 'லால் சலாம்' படத்துக்காகப் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏஐ மூலம் மீட்ட ஏ.ஆர்.ரகுமான், அவர்களுடைய குடும்பத்தாரின் சம்மதம் பெற்று, சன்மானமும் கொடுத்ததாகத் தெரிவித்தார். சினிமாப் பாட்டுக்கு வீடியோ செய்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி இசை, பாடல்வரி, ஒலிப்பதிவு மூன்றுக்கும் தனித்தனி உரிமை உண்டு.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், கருவியைத் திறப்பதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள்: தொட்டில் எப்படிக் கட்டினீர்கள், அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது என்று. அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு பிறகு இயந்திரத்திடம் போங்கள். அவர்கள் சொல்லாததையெல்லாம் அது ஊகித்துவிடும்.