பெறாத தகப்பன்

'பெற்றால்தான் பிள்ளையா' படத்தைப் பார்த்துக் கண்கலங்கியவர்கள் நம்மிடையே ஏராளம். 1966-இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த அந்தப் படத்துக்கு மூலம் எது தெரியுமா? 1921-இல் சார்லி சாப்ளின் எழுதி, இயக்கி, நடித்த 'தி கிட்' என்னும் ஊமைப்படம்தான்.

கதை எளியது. கைவிடப்பட்ட சிசு ஒன்று சந்தில் கிடக்கிறது. அவ்வழியே வரும் நாடோடி அதை எடுத்து, வேறு யார் தலையிலாவது கட்டிவிடப் பார்க்கிறான், முடியவில்லை. பிறகுதான் பிள்ளையோடு இருந்த சீட்டைப் படிக்கிறான். இந்த அநாதையை அன்போடு வளர்க்கும்படி தாய் எழுதியிருக்கிறாள். அவ்வளவுதான், பிள்ளை அவனுடையதாகிவிடுகிறது! காப்பிப் பாத்திரத்தைக் கயிற்றில் தொங்கவிட்டுப் பாலூட்டுகிறான். ஐந்து ஆண்டு கழித்து, பையன் கல்லெறிந்து சன்னல் கண்ணாடியை உடைக்கிறான். பின்னாலேயே இவன் புதுக் கண்ணாடி மாட்ட வந்து நிற்கிறான். வயிறு குலுங்கச் சிரிக்கிறோம்.

அடுத்து அழுகிறோம். பையனுக்கு உடம்பு சரியில்லை. பார்க்க வந்த டாக்டர், இவன் பெற்ற தகப்பன் அல்லன் என்றறிந்து அதிகாரிகளுக்குத் தெரிவித்துவிடுகிறார். அநாதை விடுதி வண்டியில் ஏற்றப்பட்ட பையன் கைநீட்டிக் கதறுகிறான். நாடோடி கூரைமேல் ஓடி, வண்டிக்குள் குதித்து, அவனை மீட்டு முத்தமிடுகிறான். அதற்கு மொழியே தேவையில்லை.

இது வெறும் கற்பனையன்று. 1896-இல், ஏழு வயதில், வறுமையால் தாயோடும் அண்ணனோடும் லண்டன் லாம்பெத் ஏழையர் விடுதிக்குள் போனவர் சாப்ளின். பின்னர் தாயைப் பிரிந்து ஹான்வெல் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். 1919-இல் அவருடைய தலைப்பிள்ளை பிறந்த மூன்றாம் நாளே இறந்தது. அதே ஆண்டுதான் இந்தப் படத்தைத் தொடங்கினார்.

சிறுவனாக நடித்த ஜாக்கி கூகனின் கதை வேறு. வளர்ந்தபின் பார்த்தால், அவர் சம்பாதித்த பணத்தில் பெரும்பகுதியைத் தாயும் மாற்றாந்தகப்பனும் செலவழித்திருந்தார்கள். 1938-இல் வழக்குத் தொடுத்தார். மறுஆண்டே, குழந்தை நடிகர்களின் ஊதியத்தைக் காக்கக் கலிபோர்னியாவில் சட்டம் பிறந்தது. திரையில் பெறாதவன் காத்தான். வாழ்க்கையில் பெற்றவளே காக்கவில்லை!

பெற்றோர்களே, சித்தி வீட்டிலும் பாட்டி வீட்டிலும் வளரும் பிள்ளைகளை வகுப்பில் அன்றாடம் காண்கிறேன். "எடுத்து வளர்க்கிற பிள்ளை" என்று அவர்கள் காதுபடச் சொல்லாதீர்கள். அந்த நாடோடி அப்பங்களை எண்ணிப் பார்த்து, பையனுக்கும் தனக்கும் சமமாகப் பங்கிடுவான். நம் வீட்டிலும் அந்தப் பங்கு குறையாதிருக்கட்டும்.