ஜப்பானோடு நின்ற கடிதம், அக்கரப்பத்தனையில் நிற்கும் கார்

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, நாகசேனை வழியாக அக்கரப்பத்தனைக்கு ஏறும் பாதையில் மூடுபனி இறங்கிவிட்டால், எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு கிட்ட வந்த பிறகுதான் தெரியும். ஒரு பக்கம் தேயிலை மலை, மறுபக்கம் பள்ளம். அப்படியொரு வளைவில் திரும்பும்போது காரின் பொனட் தானாகத் திறந்து முன் கண்ணாடியை மூடினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இது வெறும் கற்பனைப் பயமல்ல. பொனட் கொக்கியில் கோளாறு என்று சொல்லி, உலகின் பெரிய கம்பனிகள் தாங்கள் விற்ற இலட்சக்கணக்கான கார்களைத் திருத்துவதற்காகத் திரும்ப அழைத்திருக்கின்றன. ரீகோல் எனப்படும் இந்த மீளழைப்புச் செய்தி நம் மலையகத்துக்கு எப்படி வந்து சேர்கிறது, வராவிட்டால் நாம் என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி.

பொனட்டைப் பிடித்து வைத்திருப்பது ஒரு கொக்கியல்ல, இரண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பிடியை இழுத்தால் ஒரு கேபிள் வழியாக முதல் கொக்கி விடுபடும். பொனட் இரண்டு விரல் உயரம் எழும்பும். அப்போதும் முழுதாகத் திறக்காது. இரண்டாம் கொக்கி தடுத்து நிற்கும். இடுக்கில் கையை விட்டு அந்தச் சின்ன நாக்கைத் தள்ளினால்தான் திறக்கும். முதல் கொக்கி ஓட்டத்தில் விடுபட்டாலும் உயிரைக் காப்பது இந்த இரண்டாவதுதான். ஓட்டுநரின் பார்வையை மறைக்கக்கூடிய, முன்பக்கமாகத் திறக்கும் பொனட்டுக்கு இப்படி இரண்டாவது பிடிப்பு இருந்தே ஆகவேண்டும் என்று அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதி சொல்கிறது.

மீளழைக்கப்பட்ட கார்கள் பலவற்றில் கெட்டுப்போனதும் இந்த இரண்டாம் கொக்கிதான். நிசான் அல்டிமா காரில் கொக்கியின் பூச்சு உரிந்து, அழுக்கும் துருவும் சேர்ந்து, நாக்கு திறந்த நிலையிலேயே இறுகிக்கொண்டது. ஹியூண்டாய் சன்டா ஃபே காரில் அதன் கேபிள் துருப்பிடித்து இறுகியது. 2017இல் அமெரிக்காவில் மட்டும் 4 இலட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் அழைக்கப்பட்டன. ஹொண்டாவின் பைலட், பாஸ்போர்ட், ரிட்ஜ்லைன் வண்டிகளில் கதை வேறு. பொனட்டின் முன் இடைவெளி வழியாகக் காற்றுப் புகுந்து, பொனட் அதிர்ந்து அதிர்ந்து, கொக்கி பிடிக்கும் கம்பியே சேதமாகலாம் என்று 2021 டிசம்பரில் சுமார் 7 இலட்சத்து 25 ஆயிரம் வண்டிகள் அழைக்கப்பட்டன. 2024இல் டெஸ்லா 18 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்களுக்கு அறிவித்தது, பொனட் திறந்திருப்பதைக் கார் உணராமல் போகும் கோளாறு. அதை மென்பொருளை மாற்றியே சரிசெய்தார்கள்.

நிசானின் கதையை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2014இல் தொடங்கிய அந்த மீளழைப்பு ஒருமுறையோடு முடியவில்லை. 2016இல் 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்களுக்கு மறுபடியும் அறிவிப்பு வந்தது. 2020இல் 18 இலட்சத்தைத் தாண்டியது. ஏற்கெனவே கொக்கி மாற்றிய கார்களையும் மீண்டும் கொண்டுவரச் சொன்னார்கள். அதனால் "இந்தக் காருக்கு அதெல்லாம் எப்பவோ செய்தாச்சு" என்று விற்பவர் சொல்வதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது.

அல்டிமா நம் பாதையில் ஓடுவதில்லை. ஆனால் துரு ஓடுகிறது. ஆண்டில் பெரும்பகுதி ஈரமும் பனியுமாக இருக்கும் ஊர் இது. தோட்டப் பாதையின் செம்மண் சேறு ரேடியேட்டர் கிரில் வழியாகத் தெறித்து, நேராகக் கொக்கியில்தான் ஒட்டும். பழைய கிரீஸோடு சேர்ந்து காய்ந்தால் மெழுகு போல இறுகிவிடும். டொல்பின் வேன்களுக்கு எஞ்சின் ஆசனத்துக்குக் கீழே இருப்பதால் இந்தக் கவலை குறைவு. லீசிங்கில் வாங்கி ஹயர் ஓடும் ஒல்டோவுக்கும் வேகன் ஆருக்கும் ஃபிட்டுக்கும்தான் இது பொருந்தும். பிரசவ வலியில் இருப்பவரை நடுராத்திரியில் டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ கொண்டுபோவது அந்தக் கார்கள்தான்.

இனி அந்தக் கடிதத்துக்கு வருவோம். ஜப்பானில் ஒரு காரில் கோளாறு கண்டால், கம்பனி அரசுக்கு அறிவித்துவிட்டு, பதிவிலுள்ள உரிமையாளருக்குக் கடிதம் அனுப்பும். அந்த உரிமையாளர் காரை ஏலத்தில் விற்று, அது கப்பலேறி, ஹம்பாந்தோட்டையில் இறங்கி, இரண்டு மூன்று கை மாறி டயகமவுக்கோ மன்ராசிக்கோ வந்திருந்தால், கடிதம் அங்கேயே நின்றுவிடும். இது சிறிய விஷயமல்ல. 2013 செப்டெம்பரில் விற்பனைக்கு வந்த ஹொண்டா ஃபிட் ஹைபிரிட்டை 2014 ஒக்டோபருக்குள் 5 முறை அழைத்தார்கள். தலைவர் டக்கனோபு இட்டோ உட்பட மேலதிகாரிகள் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளும் அளவுக்கு அது பெரிய விவகாரமானது. அதே ஃபிட்தான் நம் நாட்டுக்கு ரீகண்டிஷனில் ஏராளமாக வந்தது. இந்தியாவிலிருந்து வரும் கார்களும் விலக்கல்ல. 2015 மார்ச்சில் மாருதி சுசுகி 33,098 ஒல்டோ கார்களின் வலப்பக்கக் கதவுப் பூட்டை மாற்றித் தர அறிவித்தது.

கடிதம் வராதென்றால் நாமே தேடிப் போக வேண்டும். அதற்கு வேண்டியது செசி நம்பர் மட்டும்தான். வாகனப் பதிவுச் சான்றிதழில் இருக்கும். வண்டியிலும் பொறித்திருக்கும், இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானில் ஓடிய கார் என்றால் நம்பர் சிறியது. அக்வாவுக்கு என்.எச்.பி.10, ஃபிட் ஹைபிரிட்டுக்கு ஜி.பி.5, வேகன் ஆருக்கு எம்.எச்.55.எஸ் என்பது போலத் தொடங்கி, ஒரு கோட்டுக்குப் பின் இலக்கங்கள் வரும். இதை அமெரிக்க அரசின் தேடல் பக்கத்தில் போட்டால் ஒன்றும் வராது. அது 17 எழுத்தும் எண்ணும் கொண்ட நம்பரைத்தான் ஏற்கும். அதைப் பார்த்து "நம்ம காருக்கு ரீகோல் இல்லை" என்று நிம்மதியாகிவிடுகிறவர்கள் உண்டு, அது தவறு. டொயோட்டா, ஹொண்டா, சுசுகி ஒவ்வொன்றும் தன் ஜப்பானிய இணையத்தளத்தில் செசி நம்பரைப் போட்டுப் பார்க்கும் வசதி வைத்திருக்கிறது. மொழி ஜப்பானியம்தான், கைபேசியின் மொழிபெயர்ப்பே போதும். படித்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் சிறிது நேர வேலை. அந்தப் பக்கத்தை அப்படியே படமெடுத்து வைத்துக்கொண்டு, டொயோட்டா லங்கா, ஹொண்டாவுக்கு ஸ்டாஃபர்ட், சுசுகிக்கு ஏ.எம்.டபிள்யூ. என்று உரிய முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். ரீகண்டிஷன் காருக்கும் இலவசமாகச் செய்வார்களா, பாகம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு புறப்படுங்கள். அக்கரப்பத்தனையிலிருந்து கொழும்புக்கு ஒருநாள் ஹயரை இழந்து போகிறவருக்கு அந்தப் பதில் முக்கியம்.

மீளழைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொக்கியை நீங்களே பார்க்கலாம். உள்ளே பிடியை இழுத்துவிட்டு வெளியே வந்து, நாக்கைத் தொடாமல் பொனட்டை மேலே தூக்கிப் பாருங்கள். இரண்டாம் கொக்கி டக்கென்று பிடித்து நிறுத்த வேண்டும். நேராகத் திறந்துகொண்டால் அந்தக் கார் ஹயருக்குப் போகக் கூடாது. பொனட்டைத் திறந்து நாக்கை விரலால் தள்ளி விடுங்கள்; ஸ்பிரிங் அதை உடனே பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, புதிதாகத் தடவச் சொல்லுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் மாற்றத்தான் வேண்டும். உடைத்த வாகனத்திலிருந்து கழற்றிய பழைய கொக்கியை வாங்கிப் போட்டால், மீளழைக்கப்பட்ட அதே கோளாறான பாகம் திரும்பவும் வந்து உட்காரலாம். பொனட்டைக் கயிற்றால் கட்டுவது மெதுவாகக் கராஜ் வரை போவதற்கு மட்டும்தான்.

ஓட்டத்தில் பொனட் எழும்பிவிட்டால் பிரேக்கைச் சடுதியாக மிதிக்காதீர்கள், பின்னால் பஸ் வரும். வேகத்தைக் குறைத்துக்கொண்டே சிக்னல் விளக்குகள் நான்கையும் போடுங்கள். தலையைக் குனிந்தால் பொனட்டின் அடியில் மெல்லிய இடைவெளியில் பாதை தெரியலாம். பக்கக் கண்ணாடி வழியாகவும் பார்க்கலாம். பள்ளப் பக்கம் சாயாமல் நிறுத்துங்கள். "பொனட் திறந்திருக்கு" என்று காட்டும் விளக்கு எரிந்தாலோ, ஓடும்போது பொனட் துடிப்பது கண்ணில் பட்டாலோ, அடுத்த ஊர் வரும்வரை காத்திராமல் அங்கேயே நிறுத்திப் பாருங்கள்.

இவ்வளவையும் வாகனக்காரர் தனியாகச் சுமப்பது நியாயமல்ல. இந்தியா 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, பழுதான வாகனங்களைத் திரும்ப அழைக்கும்படி கம்பனிக்கு அரசே உத்தரவிட வழி செய்தது. விதிகள் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. இங்கே நமக்குக் கையில் இருப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். வாங்கிய பொருள் உத்தரவாதத்துக்கு ஏற்ப இல்லையென்றால் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். அந்த நாட்களைத் தவறவிடாதீர்கள். அதிகார சபையை அழைக்க வேண்டிய எண் 1977.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தது. புதிதாக வாங்கப் போகிறவர்கள் முற்பணம் கொடுக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: இந்தச் செசி நம்பருக்கு நிலுவையில் உள்ள மீளழைப்பு எதுவும் இல்லை, அல்லது செய்து முடிந்தது என்று காட்டும் தாள். விற்பவர் தர மறுத்தால் அந்தக் காரை வாங்காதீர்கள்.